பூதக்கண்ணாடி வாங்கிய பதினொரு மதிப்பெண்

பேருந்து எப்போது வரும், எப்போது போகும் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. ஐந்து மாடி. தினமும் முப்பத்தைந்து நிமிடம் நிறுத்தத்தில் நின்று காய்கிற என்னைப் போன்றவர்கள் அப்படி ஒன்று இருப்பதை நம்புவதில்லை. ஆனால் சத்தியமாக இருக்கிறது. அங்கே இருநூறு பேர் அட்டவணை தயாரிக்கிறார்கள். ஒருத்தி அதைச் சரிபார்க்கிறாள்.

அந்த ஒருத்திக்கு அலுவலகம் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மூன்றாம் மாடி மூலையில் அவள் மேசை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசை விளக்கைத் தாழ இழுத்து, மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி குனிந்துகொள்வாள். ஒரு வண்டி 8.10க்கு வந்து 8.01க்குப் புறப்படுகிறது என்று எவராவது எழுதியிருந்தால் உடனே சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். பதினோரு வருடத்தில் ஒரு பிழைகூட அவளைத் தாண்டிப் போனதில்லை. பதினோரு வருடமும் அவள் தற்காலிகப் பணியாளர்தான். இந்த வருடம்தான் அவள் பெயர் நிரந்தரப் பட்டியலுக்குப் போயிருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்திருந்தது: பட்டியலில் தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் வீடு, இனிமேல் நீட்டிப்பு என்ற பேச்சே கிடையாது.

இந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநர் ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்த மறுநாளே கூட்டம் போட்டார்.

"நம்ம கண்ணுல, கருவிழிக்கு நடுவுல ஒரு கறுப்பு வட்டம் இருக்கு. கண்மணி. மனசு ஒரு விஷயத்துல ஊன்றி நின்னா அது விரியும். பழசு ஞாபகம் வந்தா விரியும். மூளை கஷ்டப்பட்டு வேலை செஞ்சா விரியும். இதை யாராலயும் நடிச்சுக் காட்ட முடியாது. முப்பது வருஷமா உங்க மூஞ்சியைப் பார்த்து நான் ஏமாந்துட்டேன். இனிமே கண்மணியைப் பார்க்கப் போறேன்."

கருத்தரங்கில் இதைச் சொன்னவர் அசல் விஞ்ஞானி, அவர் சொன்னதும் அசல் உண்மை. தேநீர் இடைவேளைக்குப் பிறகு அதே விஞ்ஞானி, வெளிச்சம் பட்டாலும் கண்மணி சுருங்கும், கிட்டத்தில் வைத்துப் படித்தாலும் சுருங்கும், ஆகவே இதை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பாதி நடந்தபோது இயக்குநர் கடைவீதியில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரே மாதத்தில் எல்லா மேசையிலும் கவனமானி வந்து உட்கார்ந்தது. உள்ளங்கையளவு கருவி. கண்ணையே முறைத்துக்கொண்டிருக்கும், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கவன அலுவலரும், கவன அலுவலரைப் பார்த்துக்கொள்ள இரண்டு உதவியாளர்களும் நியமிக்கப்பட்டார்கள். நாற்பதுக்குக் கீழே வாங்குகிற தற்காலிகப் பணியாளர்களுக்கு நிரந்தரம் கிடையாது என்று விதி எழுதப்பட்டது.

முதல் வாரப் பட்டியல் ஒட்டப்பட்டது. தட்டச்சர் தொண்ணூற்று நான்கு. பூதக்கண்ணாடி பதினொன்று.

தட்டச்சர் நல்ல மனிதர், ரகசியம் காக்கத் தெரியாதவர். சுவரைப் பார்த்தபடி மனசுக்குள் பதினேழை இருபத்து மூன்றால் பெருக்கினேன், அவ்வளவுதான் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அலுவலகமே பெருக்கத் தொடங்கிவிட்டது. டீசல் சிக்கனம் பற்றி இயக்குநர் ஒன்றரை மணி நேரம் பேசினார். அறுபது பேர் கண்ணை அகல விரித்துக் கேட்டார்கள். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்று அவர் முடித்தபோது பின்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் "முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு" என்றார். இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் 391 என்று ஒரு புதிய தடம் திறக்கப்பட்டது. அது எங்கே போகிறது என்று ஏறினவர்கள் யாரும் வந்து சொல்லவில்லை.

பூதக்கண்ணாடியைக் கவன அலுவலர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அவளுடைய கண்ணின் வரைபடம் கிடந்தது.

"பத்து நிமிஷத்துல உங்க கண்ணு நானூத்திப் பன்னெண்டு தடவை அலைஞ்சிருக்கு. எங்கம்மா போகுது அது?"

"அடுத்த வரிக்குங்க."

"ஏன் போகுது?"

"முதல் வரி முடிஞ்சிடுச்சுங்க."

கவன அலுவலர் பரிதாபமாக அவளைப் பார்த்தார். "ஊன்றிக் கவனிக்கிறவனுக்கு முதல் வரியே போதும்மா. இந்த நாற்காலியில உட்கார்ந்ததுலேருந்து எந்த ஃபைல்லயும் நான் ரெண்டாவது வரிக்குப் போனதில்ல. என் மதிப்பெண் தொண்ணூத்தி ஆறு. சரி, கண்மணி ஏன் உங்களுக்கு மட்டும் இப்படிக் கடுகாட்டம் சுருங்கிக் கிடக்கு?"

"விளக்கு வெளிச்சத்துல குனிஞ்சு படிக்கறேன் சார். அதனால இருக்கும். விளக்கை அணைச்சுட்டு ஒரு தடவை அளந்து பாருங்களேன்."

"அணைச்சா வேலை எப்படிப் பார்ப்பீங்க?"

"பார்க்க முடியாதுங்க."

"ஆனா மதிப்பெண் வரும்ங்கறீங்க."

"வரும்னுதான் தோணுது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்," என்றார் கவன அலுவலர், ஒரு தகப்பனைப் போல. "வேலைதான் உங்களுக்கு இடைஞ்சலா இருக்கு. அதைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு கவனம் செலுத்திப் பாருங்க."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பேருந்து ஓட்டுநர். அவள் சரிபார்த்த அட்டவணைப்படிதான் தினமும் வண்டியை எடுக்கிறவர். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ அங்க இல்லேன்னா நான் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு எனக்கு யாரு சொல்வா?" என்று கேட்டார்.

கண்மணியை எப்படியாவது விரிய வைப்பது என்று குடும்பம் முடிவெடுத்தது. நாத்தனார் அளவுகோலோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சிரிக்காம நேரா பாருங்க அண்ணி. மூணு மில்லிமீட்டர். பிடிச்சவங்களைப் பார்த்தா விரியுமாம், எங்கயோ படிச்சேன். அண்ணா, நீ வந்து நில்லு."

வீட்டுக்காரர் தலையைச் சீவிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் நின்றார். நாத்தனார் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"ரெண்டு."

"என்னது?"

"சுருங்கிடுச்சு அண்ணா."

"பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். ரெண்டு மில்லிமீட்டரா?"

"உங்க பின்னாடி வெயிலடிக்குதுங்க," என்றாள் பூதக்கண்ணாடி. அவரை இருட்டான நடையில் கொண்டுபோய் நிறுத்தி அளந்தபோது ஐந்து வந்தது. "பாத்தியா, இருட்டுல நின்னா உங்கண்ணன் அழகுதான்," என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மூவரும் கண்ணில் நீர் வர சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. பதினோரு வருடம் குனிந்து படித்ததற்குப் பதினொரு மதிப்பெண் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒரு வருடம் ஒரு பிழையை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இதற்கிடையில் அலுவலகத்தில் நினைவு வாரம் வந்தது. முன்பே பார்த்த ஒன்றைத் திரும்பக் காட்டினால் கண்மணி விரியும் என்பது விஞ்ஞானம் அல்லவா? எனவே பழைய சுற்றறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி, யார் எதைப் படித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் திட்டம். இருநூறு பேருக்கும் காட்டினார்கள். ஒருவர் கண்மணியும் அசையவில்லை. பியூன் அண்ணனுக்கு மட்டும் எல்லாச் சுற்றறிக்கைக்கும் விரிந்தது. அவர் எதையும் படித்ததில்லை. ஒவ்வொன்றையும் ஐந்து மாடி ஏறி இறங்கி இருநூறு மேசைக்கு விநியோகித்திருந்தார். பார்த்தவுடன் மூட்டுவலி ஞாபகம் வந்துவிட்டது. நிறுவனத்தின் கொள்கைகளை முழுதாக அறிந்த ஒரே மனிதர் என்று அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

கடைசியாக இயக்குநரும் உட்கார்ந்தார். அவரே கையெழுத்திட்ட எண்ணூறு சுற்றறிக்கைகளும் அவர் கண் முன்னால் ஓடின. மதிப்பெண் ஒன்பது.

கவன அலுவலர் அவர் காதருகே குனிந்தார்.

"கண் டாக்டர்கிட்டப் போனா ஒரு சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்பாங்களே சார். அதை விட்டா கண்மணி அகலமா விரிஞ்சு அப்படியே நிக்கும்."

"அது கவனத்தைக் கூட்டுமா?"

"மதிப்பெண்ணைக் கூட்டும் சார்."

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றார் இயக்குநர். சொட்டு மருந்தைப் பற்றி அந்த அலுவலகத்தில் கேட்கப்பட்ட கடைசிக் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

நிரந்தரப் பணியாளர்கள் அனைவருக்கும் காலையில் இரண்டு சொட்டு, மதியம் இரண்டு சொட்டு. பியூன் அண்ணன் மட்டும் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் தப்பித்துக்கொள்வார். மருந்து விட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும்: வெளிச்சம் ஊசியாகக் குத்தும், கிட்டத்தில் இருக்கும் எழுத்து கலங்கிப்போகும். ஆகவே ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை வந்தது. விளக்குகள் கழற்றப்பட்டன. தூரத்துச் சுவர் எல்லோருக்கும் தெரிந்தது; கையிலிருக்கும் தாள் ஒருவருக்கும் தெரியவில்லை. துணை இயக்குநர்கள் இருவர் நடையில் மோதிக்கொண்டு, ஆளுக்கொரு அலமாரியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பியூன் அண்ணன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்து விழுந்தது. அலுவலகத்தின் சராசரி தொண்ணூற்று ஏழைத் தொட்டது. இதற்காக மேலிடம் ஒரு பாராட்டுப் பத்திரம் அனுப்பியது. அது என்ன பத்திரம் என்று தெரியாமல் கொஞ்ச நாள் டீ கிளாஸுக்கு மூடியாக வைத்திருந்தார்கள்.

மூன்றாம் மாடி மூலையில் மட்டும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, எனக்கும் ரெண்டு சொட்டு வாங்கிக் குடுங்களேன். ஒரே ஒரு நாளைக்கு," என்று பூதக்கண்ணாடி பியூன் அண்ணனிடம் கேட்டாள்.

"நிரந்தரமானவங்களுக்கு மட்டும்தாம்மா சொட்டு."

"நிரந்தரமாக நாப்பது வேணும். நாப்பதுக்குச் சொட்டு வேணும். சொட்டுக்கு நிரந்தரமாகணும்."

அவள் இதைத் தாளில் எழுதி, வழக்கம்போல மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு பிழையும் இல்லை.

நிரந்தரப் பட்டியலை முடிவு செய்யும் குழு கூடிய நாள் வந்தது. நண்பகல்தான், ஆனால் அறைக்குள் கும்மிருட்டு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், கவன அலுவலர், இரண்டு துணை இயக்குநர்கள், தொண்ணூற்று நான்கு வாங்கியதற்காகப் பதவி உயர்வு பெற்று இப்போது சொட்டு மருந்துக்குத் தகுதியாகிவிட்ட தட்டச்சர். இந்தப் பக்கம் அவளும் ஒரு கவனமானியும். அவளுடைய மதிப்பெண்ணைக் குழு பார்க்க வேண்டும் என்பதற்காகக் கவனமானியிலிருந்து ஒயர் இழுத்து, எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு எண் தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள். கவனமானியின் சின்ன வெளிச்சம் நேராக அவள் கண்ணிலேயே அடித்ததால், அந்த இருட்டிலும் பதினெட்டு என்றுதான் காட்டியது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "உங்க வேலையைப் பத்தி எங்களுக்கு எந்தக் குறையும் இல்லம்மா. உள்ளதைச் சொன்னா, அது என்ன வேலைன்னே எங்களுக்குத் தெரியாது. அதனாலதான் எங்களால நடுநிலைமையா முடிவெடுக்க முடியுது. உத்தரவு தயார். விதிப்படி அதைக் கூட்டத்துல வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். வாசிங்க."

தாள் கவன அலுவலரிடம் போனது. அவர் கையை நீட்டிப் பார்த்தார், நாற்காலியோடு பின்னால் போய்ப் பார்த்தார், பிறகு பெருந்தன்மையோடு துணை இயக்குநருக்குத் தந்தார். அவர் அடுத்தவருக்குத் தந்தார். அடித்த தட்டச்சரே அதை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்திவிட்டார்.

"பியூன், நீ வாசிப்பா."

"கண்ணாடி கொண்டாரலைங்க," என்றார் பியூன் அண்ணன். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. தாளைக் கொண்டுவந்து பூதக்கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலச் சுவரோரம் போய் நின்றார்.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கவனமானியின் சின்ன வெளிச்சத்தில் தாளைப் பிடித்துப் படித்தாள். கண் தெரியாமல் குத்துமதிப்பாக அடித்த தாள். அவள் பதினோரு நூற்றாண்டுகள் பணிபுரிந்திருந்தாள். முப்பது நாள் மாதத்துக்கு முப்பத்தொன்றாம் தேதி போட்டிருந்தது. மேற்கோள் காட்டிய விதி, குடை வைக்கும் இடம் பற்றியது. ஒரே பத்தி இரண்டு முறை வந்திருந்தது. கையெழுத்து போட வேண்டியவர் இயக்குநர் என்பதற்குப் பதில் ஓட்டுநர் என்றிருந்தது. ஐந்து பிழை. கடைசி வரியில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை: இன்று மாலையோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.

"என்னம்மா, நிறுத்திட்டீங்க?"

"இதுல பிழை இருக்குங்க."

"எத்தனை?"

அவள் கடைசி வரியை இன்னொரு முறை பார்த்தாள். "ஆறு," என்றாள்.

"நான் நிமிர்ந்து உட்கார்ந்துதான் அடிச்சேன் சார்," என்றார் தட்டச்சர்.

"திருத்திடுங்கம்மா," என்றார் இயக்குநர். "பிழையோட ஒரு உத்தரவு இந்த ஆபீசை விட்டு வெளியே போகக் கூடாது. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்."

சிவப்பு மையில் ஐந்து வட்டம் போட்டாள். ஆறாவது இடத்துக்கு வந்தபோது நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே கேட்டது. மூன்று வார்த்தைகளை அடித்து, மேலே வேறு மூன்றை எழுதினாள். என்னைக் கேட்டால், அந்தத் தாளில் இருந்ததிலேயே பெரிய பிழை அந்த ஆறாவதுதான்.

சுவரில் எண் ஏறியது. முப்பது. அறுபது. தொண்ணூற்று எட்டு.

குழு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. "பாருங்கய்யா!" என்று இயக்குநர் தழுதழுத்தார். "மனசு எப்படி ஊன்றி நிக்குது பாருங்க! இதுதான் கவனம்! வாசிங்கம்மா, வாசிங்க!"

அவள் வாசித்தாள். "...இன்று மாலையிலிருந்து பணியில் நிரந்தரமாக்கப்படுகிறார்."

இயக்குநர் கொஞ்சம் குழம்பினார். "நாம விடுவிக்கறதாத்தானே முடிவு பண்ணியிருந்தோம்?"

"திருத்தினதுக்கு அப்புறம் இப்படித்தான் வருது சார்," என்றார் கவன அலுவலர்.

"அப்போ விடுவிக்கறதுங்கறது தட்டச்சுப் பிழையா?"

"அப்படித்தான் இருக்கணும். தொண்ணூத்தெட்டு வாங்கறவங்களை எந்த ஆபீசாவது அனுப்புமா சார்?"

பியூன் அண்ணன் ஓடிவந்து விரல் வைத்தார். கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது, பாதி தாளிலும் பாதி மேசையிலும் என்றாலும் விழுந்தது விழுந்ததுதான்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அதற்குள் இயக்குநர் அடுத்த தாள்கட்டைத் தடவி எடுத்தார். "புது அட்டவணை. குழு முழுக் கவனத்தோட ஒப்புதல் குடுத்தாச்சு. பியூன், இதை இப்பவே அச்சுக்குக் குடுத்துடு."

"யார் படிச்சுப் பார்த்தாங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

"படிக்கறதா? பார்த்தோம்."

அவள் மேல்தாளைப் பார்த்தாள். முதல் வண்டி காலை 7.61க்குப் புறப்பட்டது. இரண்டாவது வண்டி போகவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது அவள் வீட்டுக்காரருடையது. அதை அவர் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் ஓட்ட வேண்டியிருந்தது.

"நான் இப்போ நிரந்தரம்தானே சார்?"

"சந்தேகமே வேண்டாம்."

"இனிமே எத்தனை மதிப்பெண் வந்தாலும் என்னை அனுப்ப முடியாதில்ல?"

"நிரந்தரமானவங்களை அனுப்பறதுக்கு விதியே கிடையாதும்மா," என்றார் இயக்குநர் பெருமையாக. "இருந்திருந்தா நாங்கள்லாம் இங்க உட்கார்ந்திருப்போமா?"

"அப்போ அண்ணே, அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்க," என்றாள் பூதக்கண்ணாடி.

பியூன் அண்ணன் கொஞ்சமாக விலக்கவில்லை. கம்பியோடு பிடுங்கிக் கீழே போட்டார். நண்பகல் வெயில் அறைக்குள் கொட்டியது. ஐந்து பேரும் ஐயோ என்று அலறி முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். தட்டச்சர் கைக்குட்டையைத் தேடினார். துணை இயக்குநர்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைத்தார்கள். கவன அலுவலரும் இயக்குநரும் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். சுவரில் எண் மளமளவென்று இறங்கி நான்கில் வந்து நின்றது. அதைப் பார்க்க அங்கே கண் திறந்தவர் யாருமில்லை.

அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மூக்கு தாளில் இடிக்கக் குனிந்தாள். கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஓடியது. முதல் பக்கத்தில் பத்தொன்பது வட்டம் விழுந்தது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினாள்.

"என்னய்யா நடக்குது இங்க?" என்று மேசைக்கு அடியிலிருந்து இயக்குநர் கத்தினார்.

பியூன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"வேலை நடக்குதுங்க," என்றார். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. நீங்க கண்ணை மூடிட்டே இருங்க."